ஆண் அளவில் ஒரு ஜோடி

எங்கள் வட்டாரத்தில் எந்தத் தொழிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பாவம், வெயிலில் கறுத்துப் போனார்கள். என்னிடம் நேராக வந்திருந்தால் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பேன். நான் தைப்பது சீருடை. இருபத்து மூன்று வருடமாக அதைத் தவிர வேறெதையும் தைத்ததில்லை. கல்யாணத் துணி, குழந்தைச் சட்டை என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் எதிர்க்கடைக்குக் கையைக் காட்டிவிடுவேன். ஒரே நிறம், ஒரே வெட்டு, ஐம்பது உருப்படி என்றால்தான் எனக்குக் கை ஓடும்.

அதனால் ஊரில் யார் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்பது எனக்குத் துணியின் நிறத்திலேயே தெரிந்துவிடும். ஒரு காலத்தில் என் கடையில் காக்கியைத் தவிர வேறு நிறமே கிடையாது. ஒரு சர்க்கரை ஆலை, அதில் அறுநூற்று நாற்பது பேர், ஆளுக்கு வருடம் இரண்டு ஜோடி. பிறகு கரும்பு போடுகிறவர்கள் குறைந்தார்கள். ஆலையில் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். பதினொரு கட்டுக் காக்கி வந்த இடத்தில் ஏழு வந்தது, பிறகு நான்கு வந்தது. காவல் வேலைக்கான நீலம் ஏறியது. நெடுஞ்சாலை ஓரம் பார்சல் கிடங்கு வந்தபோது ஆரஞ்சில் கையில்லாத மேல்சட்டை தைத்தேன். ஒரு வருடம் காக்கி ஒரு மீட்டர்கூட வரவில்லை. ஆலையை மூடப் போகிறார்கள் என்பது ஊருக்குத் தெரிவதற்கு ஆறு வாரம் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பண்ண? அந்த ஆலைக்குள் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்.

இது அவருடைய கதை. அவரைச் சொல்லச் சொன்னால் நாலு வரியில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவார், அதனால் நான் சொல்கிறேன்.

ஊரில் அவருக்குப் பெயரே பாய்லர்தான். மளிகைக் கடையில் பாய்லர், பேருந்தில் பாய்லர், எங்கள் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் அவள் 'பாய்லர் பொண்ணு'. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. எங்கள் வீட்டில் கொதிக்கிறவள் நான். அவர் பச்சைத் தண்ணீர். கல்யாணமான புதிதில் நான் கத்துகிற கத்தலுக்கு அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பரவாயில்லையே, மனுஷன் பொண்டாட்டி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரே என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பிரஷர் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பாய்லர் வேலை என்றால் நெருப்பில் வேகிற வேலை என்று நினைப்பார்கள். அது காத்திருக்கிற வேலை. தண்ணீர் மட்டத்தைக் காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதைப் பார்த்தபடி எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுத வேண்டும்: தண்ணீர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, வேண்டாத சத்தம் ஏதாவது உண்டா. ஷிப்டுக்கு ஒரு முறை அடி வால்வைத் திறந்து கசடுத் தண்ணீரை வெளியே விட வேண்டும். அதற்குப் பெயர் ப்ளோடவுன். அதை ஒழுங்காகச் செய்யாத பாய்லர் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குத் தகராறு பண்ணும் என்பார். இருபத்தாறு வருடத்தில் அவர் நோட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. முதல் வகுப்புச் சான்றிதழ் வாங்கியவர். அதைக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். எங்கள் கல்யாண போட்டோகூட அதற்குக் கீழேதான்.

ஆலை மூடியதும் ஒன்பது மாதம் வீட்டில் இருந்தார். குடிக்கிற ஆளாக இருந்தாலாவது சண்டை போட ஒரு காரணம் கிடைக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. வீட்டில் மிச்சமிருந்த ஒரே பாய்லர் எங்கள் பிரஷர் குக்கர். அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் வெயிட்டைக் கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்வார். வாஷரைத் தடவித் தடவிப் பார்ப்பார். நான் அடுப்பைப் பற்ற வைத்தால் பின்னால் வந்து நிற்பார்.

"தண்ணி ஒரு விரக்கடை கம்மி."

"இருபத்தெட்டு வருஷமா ஆக்கிப் போடறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கம்மின்னு சொன்னேன், அவ்வளவுதான்."

மூன்றாவது வாரம் அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டுத் தொங்கியது. '7.10 முதல் விசில். 7.14 இரண்டாவது. ஆவி கசிவு இல்லை.' மகள் அதை எடுத்துப் படித்துவிட்டு, "அம்மா, ஒண்ணு அப்பாவை எங்கயாவது வேலைக்கு அனுப்பு, இல்லேன்னா என்னை அனுப்பு" என்றாள். சொன்னபடியே அடுத்த மாதம் அவள் பார்சல் கிடங்கில் சேர்ந்துவிட்டாள். ஆரஞ்சு மேல்சட்டையை நான்தான் தைத்துக் கொடுத்தேன். பெண் வேலைக்குப் போகிறாள், அப்பா வீட்டில் இருக்கிறார். அவள் செருப்பு மாட்டுகிற நேரம் பார்த்து மாடிக்குப் போய்விடுவார்.

இந்தச் சமயத்தில்தான் முதியோர் இல்லம் வந்தது. ஆலை அதிகாரிகளுக்கான விருந்தினர் விடுதியை யாரோ வாங்கி, வெள்ளையடித்து, அறுபது கட்டில் போட்டார்கள். இங்கே வேலை இல்லை என்று பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்டார்கள், பெற்றவர்கள் மிச்சம். அந்த மிச்சத்தை வைத்தே ஒரு தொழில் கிளம்பிவிட்டது. நான் குறை சொல்லவில்லை, எனக்கும் ஆர்டர் வந்ததே. அங்கே எல்லாவற்றுக்கும் தலைமை ஒரு நர்ஸ், பெரிய சிஸ்டர் என்பார்கள். ஆள் என்னவோ என் தோளுக்குத்தான் இருப்பாள், வயதும் முப்பத்தைந்தைத் தாண்டாது. குரல் மட்டும் கேட் வரைக்கும் வரும்.

"பதினெட்டு ஜோடி, அக்கா. இளம்பச்சை. பதினேழு பொம்பளை அளவு, ஒண்ணு ஆம்பளை அளவு."

"ஆம்பளை யாரு? அளவெடுக்க வரச் சொல்லுங்க."

"ஆளே இல்லக்கா. ஆம்பளைங்க பக்கம் இருபத்திரண்டு பேர் இருக்காங்க. தூக்கி உட்கார வைக்கணும், குளிப்பாட்டணும், சவரம் பண்ணணும். வர்றவன் எல்லாம் ரெண்டே நாள்ல கம்பி நீட்டிர்றான். நீங்க சுமாரா ஒரு அளவுல தைச்சு வைங்க. வர்றவனுக்கு எப்படியோ பொருந்தட்டும்."

சுமாராக எனக்குத் தைக்க வராது. மார்பு நாற்பது, தோள் பதினெட்டரை, கை முழங்கைக்கு இரண்டு விரல் மேலே. வெட்டி முடித்த பிறகுதான் நான் யாருக்கு வெட்டியிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. உறைக்காத மாதிரி தைத்தும் முடித்தேன்.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது ஆயா வேலை."

"ஆமா."

"ஆம்பளை ஆயான்னு எங்கயாவது கேட்டிருக்கியா?"

"கேட்டதில்ல. அதனால என்ன?"

"ஆம்பளையா இருந்தா வார்டு பாய்ம்பாங்க. எனக்கு அம்பத்திரண்டு வயசு. நான் பாயா?"

நான் சிரித்திருக்கக் கூடாது. என்ன செய்வது, சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "சிரிக்காத. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேர் இருக்கு. இதுக்குப் பேரே இல்லை. நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்லுவேன்?" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் பேச்சில்லை. குக்கர் நோட்டிலும் ஒன்றும் எழுதவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாலாவது நாள் சாயங்காலம் மகள் கிடங்கிலிருந்து வந்து, கால் இரண்டும் வீங்கிப்போய், ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்சல் பிரிக்கிற வேலை. அவர் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, வாளிக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தார். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அந்தப் பச்சைச் சட்டை எங்க?" என்றார்.

ஒரு நிபந்தனை போட்டார். யார் கேட்டாலும் இல்லத்தில் சுடுதண்ணி மிஷின் பார்க்கிறார் என்றுதான் நான் சொல்ல வேண்டும். இல்லத்தின் மாடியில் சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது உண்மைதான். ஒரு சுவிட்சைப் போட்டால் அது பாட்டுக்குச் சூடாகும், பார்க்க ஆளே வேண்டாம். பச்சைச் சீருடைக்கு மேலே பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பார். உள்ளே போய்த்தான் காக்கியைக் கழற்றுவார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க. எத்தனை நாளைக்கு? ஊர் வாயை மூட உலைமூடி ஏதுன்னு சொல்லுவாங்க."

"நாமதான் பாய்லர் மூடியே வெச்சிருந்தோமே" என்றார். வருடத்துக்கு ஒரு தடவை இந்த மாதிரி ஏதாவது சொல்வார்.

முதல் மூன்று மாதம் வேலையைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம் செய்வார்கள் என்று பேச்சு. மூன்றாவது வாரமே பெரிய சிஸ்டர் எனக்கு ஆள் அனுப்பினாள். போச்சுடா, இவரும் கம்பி நீட்டிவிட்டார் போலிருக்கிறது என்று அலறிப் புடைத்து ஓடினேன். அவள் என் முன்னால் ஒரு அட்டையைத் தூக்கிப் போட்டாள். ஒன்பதாம் நம்பர் கட்டில் பெரியவருக்கு என்ன கொடுத்தார்கள், எப்படி இருந்தார் என்று எழுதி வைக்கிற அட்டை.

"படிங்கக்கா."

என் வீட்டுக்காரர் கையெழுத்து. 'காலை 6: தண்ணீர் முக்கால் டம்ளர். சத்தம் இல்லை. 7: தண்ணீர் கால். லேசாக ஆவி, துடைத்துவிட்டது. 7.20: ப்ளோடவுன் செய்தது. நிறம் மஞ்சள், கசடு இல்லை.'

"நேத்து டாக்டர் வந்து பாத்துட்டு, இந்த ஒன்பதாம் நம்பருக்கு யாரு ப்ளோடவுன் பண்ணினதுன்னு கேட்டார். அப்படி ஒரு ட்ரீட்மென்ட் அவர் படிக்கவே இல்லையாம். நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. பெரியவர் ஒன்றுக்குப் போனதைத்தான் மனுஷன் அப்படி எழுதி வைத்திருக்கிறார். ஆவி என்றால் வியர்வை. அவளுக்கு விளக்கிச் சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதுதான் எனக்கு முக்கியம். டாக்டர் அந்த அட்டையைக் கீழே வைக்கவே இல்லையாம். மற்றவர்கள் 'நன்றாக இருக்கிறார்' என்று ஒரே வரியில் எழுதி வைத்திருக்க, இதில் மட்டும் மணிக்கு மணி கணக்கு இருந்ததாம். மூன்று நாளாக ஒன்பதாம் நம்பர் குடிக்கிற தண்ணீர் குறைந்துகொண்டே வந்திருப்பது அதில்தான் தெரிந்ததாம். இனி எல்லோரும் இப்படியே எழுதுங்கள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த வார்த்தையை யாரும் மாற்றவில்லை. அடுத்த மாதம் நான் அளவெடுக்கப் போனபோது பதினேழு பெண்களும், "நாலாம் நம்பருக்கு ப்ளோடவுன் ஆச்சா?" என்றுதான் பேசிக்கொண்டார்கள். பெண்கள் பக்கம் இருந்த ஓய்வு பெற்ற டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, எனக்கு ரெண்டு நாளா ப்ளோடவுன் சரியில்ல" என்றார்.

அவருக்கு வேலை பிடித்துப்போனது. அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். குக்கரை விட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் தானாகவே பேச ஆரம்பித்தார். இருபத்தாறு வருடம் பின்பக்கத்து கேட் வழியாக வேலைக்குப் போனவர், இப்போது அதிகாரிகள் விடுதியின் முன்வாசல் சாவி தன்னிடம் இருப்பதை எடுத்துக் காட்டினார். பெரியவர்களை எப்படிக் குளிப்பாட்டுவது என்று மகளுக்குப் பாடம் நடத்தினார்.

"முதல்ல கையில ஊத்தணும். அப்புறம் கால். தலை கடைசியிலதான். ஆறிக் கிடக்கிற பாய்லர்ல சட்டுனு தீயை ஏத்தினா விரிசல் விட்டுரும்."

"அப்பா, அவங்க மனுஷங்கப்பா" என்றாள் மகள்.

"அதான் சொல்றேன். பாய்லருக்கே அவ்வளவு பாக்கணும்னா மனுஷனுக்கு எவ்வளவு பாக்கணும்?"

இப்படியே போயிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். நடுவில் ஃபிட்டர் போன் பண்ணினார்.

ஃபிட்டர் என்றால் ஆலையின் தலைமை ஃபிட்டர். என் வீட்டுக்காரரைவிட மூன்று வயது பெரியவர், இருபது வருடம் ஒரே ஷிப்ட். மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. வீட்டில் எண்பது தாண்டிய அப்பா மட்டும். ஆலை மூடிய பிறகு ஊர் ஊராக ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். அதுவரை அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். எப்போதாவது வந்து போகிறவராதலால் மிஷின் கதையை அப்படியே நம்பியிருந்தார். இப்போது பதினொரு மணி நேரப் பயணத்தில் ஒரு காகித ஆலை, புது பாய்லர், முதல் வகுப்புச் சான்றிதழ் இருக்கிற ஆள் வேண்டும் என்கிறார்கள். ஃபிட்டருக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது. இவர் பெயரையும் சொல்லிவிட்டாராம்.

"எங்க அப்பாவுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன்டா. அதைப் பத்திக் கவலை இல்ல. திங்கக்கிழமை கிளம்பறோம். அந்த சுடுதண்ணி டப்பாவைத் தட்டிக்கிட்டு எத்தனை நாளைக்கு இருப்பே? வர்றியா, இல்லையா?" போனிலிருந்து அவர் குரல் எனக்கே கேட்டது.

என் வீட்டுக்காரர் டிவிக்கு மேலே பார்த்தார். "சரிண்ணே, வர்றேன்" என்றார்.

எனக்கு அவர் போகக் கூடாது. அவ்வளவுதான். அதற்கு மேல் நியாயம் எல்லாம் எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடமாகப் பக்கத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த மனுஷன் பதினொரு மணி நேரத்துக்கு அப்பால் போய்விட்டால் நான் யாரிடம் கத்துவது? ஆனால் வாயில் வந்தது என்னவோ வேறு. "போறதுன்னா போங்க. இங்க யாரு உங்க கையப் பிடிச்சு இழுத்தா?" என்றேன். ரோஷத்தோடு காக்கி வாங்கிவந்து இரண்டு ஜோடி தைக்க உட்கார்ந்தேன். மூன்று ஊசி உடைந்தது. துணியின் மேல் குற்றம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பட்டன் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க யாராவது கேட்டா பாய்லர் அட்டெண்டர்னு சொல்லலாம்."

"இங்க என்ன சொல்றீங்க?"

"இங்க பொய் சொல்றேன்."

"அப்போ உங்களுக்குப் பொய்தான் கஷ்டம். வேலை இல்ல."

"வேலை நல்ல வேலைதான்" என்றார். "நாளைக்கு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்துரணும்."

மறுநாள் சனிக்கிழமை. இல்லத்துக்குக் கொடுக்க வேண்டிய மேலங்கிகள் ஒரு மூட்டை இருந்தன. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பத்து மணிக்கு நானும் போனேன். அவர் சிஸ்டரிடம் சொல்லிவிட்டாரா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லவில்லை. சனிக்கிழமை எல்லோருக்கும் தலைக்குக் குளிக்கிற நாள், அவருக்கு மூச்சு விட நேரமில்லை என்றாள் வாசலில் இருந்த பெண். ஆண்கள் பக்கத்து நடையில் நான் மூட்டையை இறக்கி வைத்தபோது வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

ஃபிட்டர் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்து தன் அப்பாவை இறக்கினார்.

அவர் போனில் சொன்ன ஏற்பாடு இதுதான். பெரியவர் பத்து நாளுக்கு முன்னால் கீழே விழுந்துவிட்டாராம், பக்கத்து வீட்டுக்காரர்கள் இனி எங்களால் முடியாது என்றுவிட்டார்களாம். அப்பாவை இங்கே கொண்டுவந்து விடப் போவதை ஃபிட்டர் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் மட்டும்தான் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய சிஸ்டர் முன்னால் நடக்க, ஃபிட்டர் அப்பாவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். கட்டிலைப் பார்த்ததும் பெரியவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போலாம்."

"அப்பா, சொன்னா கேளுங்கப்பா. கொஞ்ச நாளைக்குத்தான்."

"வீட்டுக்குப் போலாம்."

ஃபிட்டர் கையைப் பிரிக்கப் பார்த்தார். அவர் சட்டை முதுகு நனைந்துவிட்டது. இரும்பைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற கைக்கு அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அதற்குள் பெரியவரின் முழங்கால் மடங்கி உடம்பு சரிய ஆரம்பித்தது.

குளியலறைக் கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் பச்சைச் சீருடையில், ரப்பர் மேலங்கியும் தோளில் துண்டுமாக, சோப்புக் கையோடு வெளியே வந்தார். ஃபிட்டர் அவரைப் பார்த்தார். அவரும் ஃபிட்டரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் முகம் இரத்தமாகச் சிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் கால் நிற்கவில்லை. நாலே எட்டில் வந்து பெரியவரின் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கினார்.

"விழ மாட்டீங்கய்யா. நான் பிடிச்சிருக்கேன்."

நிலையைப் பிடித்த கையை அவர் பிரிக்கவே இல்லை. அப்படியே தாங்கிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அந்த விரல்கள் தாமாகக் களைத்து விட்டன. தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்து, காலை ஒவ்வொன்றாக மேலே எடுத்து வைத்தார். சிஸ்டர் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். என் வீட்டுக்காரர் கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து முதல் கரண்டியை நீட்டினார். பெரியவர் அதை வாங்கி, அவர் சட்டையிலேயே துப்பினார்.

"அப்பா, என்ன இது?" என்று ஃபிட்டர் கத்தினார்.

"இருங்கண்ணே."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். துடைத்துக்கொண்டார். பிறகு சும்மா உட்கார்ந்துவிட்டார். ஊட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "ஐயா, கொஞ்சம் குடிக்கிறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார், பெரியவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் கால் மணி நேரம் ஓடியது. பிறகு கரண்டியை எடுத்துப் பெரியவர் கையிலேயே கொடுத்து, கிண்ணத்தை மட்டும் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டார். பெரியவர் கொஞ்ச நேரம் கரண்டியையே பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பாதி கீழே சிந்தியது, பாதி உள்ளே போனது. என் வீட்டுக்காரர் கிண்ணத்தில் மட்டம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபிட்டர் தொண்டையைச் செருமினார்.

"மிஷின் பாக்கறேன்னு சொன்னே."

"ஆமாண்ணே. பொய் சொன்னேன்."

"அப்போ இங்க என்னதான்டா வேலை உனக்கு?"

"இதுதாண்ணே. குளிப்பாட்டறேன். தூக்கி உட்கார வைக்கறேன். சாப்பிட வைக்கறேன். ஆயா வேலை."

அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரு நாள், இன்றைக்கு இரண்டாவது. அன்றைக்கு அதைத் துப்புகிற மாதிரி சொன்னார். இன்றைக்குச் சாதாரணமாகச் சொன்னார்.

ஃபிட்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சரி, விடு. அதெல்லாம் இனி எதுக்கு? ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். திங்கக்கிழமை காலையில ஸ்டேஷனுக்கு வந்துரு. சர்டிபிகேட்டை மறந்துராதே" என்றார்.

"நான் வரலண்ணே."

"என்னடா சொல்றே? அன்னிக்கு சரின்னியே."

"நானும் வந்துட்டா அப்பாவை யாருண்ணே பாத்துக்குவா?"

ஃபிட்டர் சண்டைக்கு வந்தால் சொல்ல நான் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன், அதற்கு வேலையில்லாமல் போய்விட்டது. அவர் மெல்ல வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா சாப்பிடுவதைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்து அவர் மோவாயில் வழிந்ததைத் துடைத்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்க்காமலே சொன்னார்.

"இடது காது அவருக்குச் சுத்தமா கேக்காது. வலது பக்கம் நின்னு பேசு."

என் வீட்டுக்காரர் எழுந்து, முக்காலியைத் தூக்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி வலது பக்கம் போனார்.